தூசி புகாத கதவு

நாங்கள் என்ன சாதி என்று இங்கே எழுதப் போவதில்லை. போன வீட்டில் இருக்கக் கதிரை தராத சாதி என்றால், விளங்கவேண்டியவர்களுக்கு விளங்கும்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் பலாலி விமானத்தளத்துப் பட்டறையில் தகரவேலை பழகினேன். யுத்தம் முடிய அந்த வேலையும் முடிந்தது. ஐம்பதுகளில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு புதுக்குடியிருப்புக்கு வந்து, வாளி ஒட்டியும் சைக்கிள் திருத்தியும் காலத்தை ஓட்டினேன். அப்போதுதான் அங்கே ஒரு நெல் முதலாளி பழைய பட்டாளத்து லொறி ஒன்றை ஏலத்தில் எடுத்து வந்தார். எஞ்சினில் குறை சொல்ல முடியாது. கதவுகள்தான் இல்லை. ஒரு பக்கம் சாக்குத் தொங்கியது, மறுபக்கம் அதுவும் இல்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து வரும்போது பரந்தன் சந்தியில் தார் றோட்டு முடிந்து சிவந்த கிறவல் மண் றோட்டு தொடங்கும். வந்து சேரும்போது முதலாளி செங்கல் சூளைக்குள் இருந்து வந்தவர் போல இறங்குவார். ஊர்ச்சனம் வாய்க்குள் சிரிக்கும். நானும் சிரித்தவன்தான்.

கதவு போட என்னைக் கூப்பிட்டார். கூலியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அம்மாவுக்கு ஒரு கண் முன்பே போய்விட்டது. மற்றக் கண்ணில் புரை. யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் வெட்டி எடுக்கலாம், ஆனால் காயம் ஆறும்வரை தூசி படவே கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எங்கள் பக்கம் வரும் பஸ்ஸில் யன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. அதனால் முதலாளியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். ஒப்பரேசன் முடிந்ததும் அம்மாவை லொறியின் முன் சீற்றில் இருத்திக் கொண்டுவந்து விடவேண்டும். அதற்கென்ன, கொண்டு வருவோம் என்றார். அந்தச் சொல்லை நம்பித்தான் வேலையைத் தொடங்கினேன்.

கதவு செய்வது பெரிய காரியம் இல்லை. முதிரை மரச் சட்டத்தில் தகரம் அடித்தால் கதவு. அதை லொறியில் பொருத்திப் பூட்டுவதுதான் வேலை. வெறும் லொறியில் அளவாக நிற்கும் கதவு, நெல் மூட்டை ஏற்றியதும் இறுகித் திறக்க மறுக்கும். ஆகவே மூட்டைகளை ஏற்றுவித்து, அந்தப் பாரத்தோடேயே கதவைத் தாங்கும் பிணைச்சலுக்குக் கீழே தகட்டுத் துண்டுகளை வைத்து நேர்ப்படுத்தினேன். புழுதியை மறிக்க இறப்பர் வேண்டும். அதற்கென்றே செய்த இறப்பர் கொழும்பில் இருந்திருக்கலாம். எனக்குக் கிடைத்தது பழைய சைக்கிள் ரியூப். அதை வெட்டி விரிக்காமல் குழாயாகவே கதவு நிலையைச் சுற்றி ஒட்டினேன். கதவைச் சாத்த, குழாய் நசிந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். மூலைகளில்தான் சண்டித்தனம். அங்கே ரியூப் மடிந்து வாய் பிளக்கும். சாய்வாக அறுத்து, சொலூசன் பூசி ஒட்டி, பிறகும் பிளந்தால் பிய்த்தெறிந்துவிட்டுத் திரும்ப ஒட்டினேன்.

உள்ளே இருந்து கதவைச் சாத்தி, விளிம்பில் ஒரு கடதாசித் துண்டை வைத்து இழுத்துப் பார்ப்பேன். சுகமாக வந்தால் அந்த இடத்தில் பிழை. முதலாளியும் பக்கத்தில் ஏறி இருந்து சின்னப்பிள்ளை மாதிரி இழுத்துப் பார்ப்பார். அங்கேயே தேத்தண்ணியும் வரும். அவருக்குப் பித்தளை மூக்குப்பேணியில், எனக்கென்று புறம்பாக வைத்த போத்தலில். ஆனாலும் இருவருக்கும் ஒரே சீற். வீட்டுக்குத்தான் வாசற்படி, லொறிக்கு ஏது என்று நினைத்துவிட்டேன். மடையன்.

வேலை முடிந்ததும் லொறிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சில்லுக்குக் கீழே தேசிக்காய் நசித்தார்கள். அதற்குப் பிறகு முன்னால் ஏறச் சொல்லி என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் அதைக் கவனிக்கவும் இல்லை.

அம்மாவின் ஒப்பரேசன் நன்றாகவே நடந்தது. கண்ணில் கட்டோடு வீட்டுக்கு விட்டார்கள். சொன்னபடி லொறி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தது, அதை நான் மறுக்கமாட்டேன். டிறைவர் தன் இடத்தில் இருந்தான், முதலாளி இறங்கி நின்றார். நான் கதவைத் திறந்து, அம்மாவைப் பிடித்து மிதிபலகையில் ஏற்றிவிட்டேன். முதலாளி என்னை லொறிக்குப் பின்பக்கம் கூப்பிட்டார்.

"முன்னுக்கு ஏத்தேலாது. நாளைக்கு எங்கட வீட்டுப் பெண்டுகள் இருந்து கோயிலுக்குப் போற சீற் அது. பின்னால ஏத்திச் சாக்கால மூடிவிடு."

தூசி படக்கூடாது என்று டொக்டர் சொன்னதை நினைவுபடுத்தினேன். கூட்டிக்கொண்டு போகமாட்டேன் என்று தான் சொல்லவில்லையே என்றார். ஆறு கடக்குமட்டும் அண்ணன் தம்பி, ஆறு கடந்தால் நீ யார் நான் யார். கடைசி பஸ்ஸும் போய்விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் வேறு ஆள் படுத்தாயிற்று. யாழ்ப்பாணத்தில் எங்களுக்குத் தங்க ஒரு வீடு இல்லை. அம்மாவிடம் வந்து, முதலாளியின் சொந்தக்காரர் முன்னால் நெருக்கிக்கொண்டு இருக்கிறார்கள் என்று பொய் சொன்னேன்.

"சரி, பின்னால ஏறுவம்" என்றார் அம்மா. "கண் கட்டியிருக்கிறவளுக்கு முன்னென்ன, பின்னென்ன."

வெங்காய மூட்டைகளுக்கு நடுவே இருத்தி, ஈரச் சேலையால் முகத்தைச் சுற்றினேன். பரந்தன்வரை பாதகமில்லை. அங்கே திரும்பியதும் புழுதி பின்பெட்டிக்குள் சுழன்று சுழன்று ஏறியது. சேலை காய்ந்து சிவந்தது. அம்மாவின் தலையை என் நெஞ்சோடு அணைத்து மறைத்துப் பார்த்தேன். புழுதிக்கு என் நெஞ்சு ஒரு மறைப்பா? பின்பெட்டிக்கும் முன் சீற்றுக்கும் இடையில் இருந்த சின்னக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தபோது முதலாளி சாய்ந்து நித்திரை கொண்டிருந்தார். அவருக்கும் கதவுக்கும் இடையே இன்னொருவர் தாராளமாக இருக்கலாம். எனக்கு அவரைக் கொல்லவேண்டும் போல இருந்தது.

புதுக்குடியிருப்பில் இறங்கியவர் தன் வெள்ளை வேட்டியைக் குனிந்து பார்த்தார். பிறகு கதவைத் தட்டினார்.

"கெட்டிக்காரன்ரா நீ. ஒரு பொட்டுத் தூசி உள்ளுக்கு வரேல்லை."

அவர் அதைப் பகிடிக்குச் சொல்லவில்லை. மனதாரப் பாராட்டினார். அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

கட்டு அவிழ்க்க முன்பே கண்ணில் சீழ் வைத்துவிட்டது. திரும்பவும் ஆஸ்பத்திரிக்குப் போனோம், பஸ்ஸில். கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. அதற்குப் பிறகும் அம்மா பல வருடம் உயிரோடு இருந்தார். வீட்டு வளவுக்குள் கயிறு கட்டிவிட்டிருந்தேன், அதைப் பிடித்துத்தான் கிணற்றடிக்குப் போவார். அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. ஒருநாள், யாரோ லொறிக்காரன் கதவு பூட்டக் கூப்பிடுகிறான், நான் போகமாட்டேன் என்று சாப்பாட்டுக் கோப்பையோடு இருந்து புறுபுறுத்தேன். அம்மா சோறு குழைப்பதை நிறுத்தினார்.

"அண்டைக்கு ஏறேக்கை நான் சீற்றில கை வைச்சனான்" என்றார். "ஒருத்தரும் இருக்கேல்லை, மோனை."