நூற்றியொரு தட்டும் ஒரே ஓட்டமாக

1993 ஆகஸ்ட் 20 – இரண்டு வி.சி.ஆர்., ஒரு மிக்ஸர்: ரூ. 74,000
2001 ஏப்ரல் 18 – கம்ப்யூட்டர், கேப்சர் கார்டு, மிக்ஸிங் சாஃப்ட்வேர்: ரூ. 1,12,000
2001 ஏப்ரல் 25 – இரண்டாவது ஹார்டு டிஸ்க்: ரூ. 7,200
2001 செப்டம்பர் 10 – சித்தையன்கோட்டை காதுகுத்து, முன்பணம்: ரூ. 1,000
2001 அக்டோபர் 7 – அதே வேலை, மீதி: ரூ. 1,500

சூர்யகலாவின் தொழில் வாழ்க்கையை இந்த ஐந்து வரிகளில் அடக்கிவிடலாம். ஐந்தாவது வரிக்குப் பிறகு நடந்ததை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும்.

சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் வீட்டில் பிறந்து, திண்டுக்கல் நாகல் நகருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். வீட்டு முன்னறையில் ‘கலா வீடியோ மிக்ஸிங்’ என்று போர்டு மாட்டினார். கேமராக்காரர்கள் விசேஷ வீடுகளில் எடுத்துவரும் படத்தில் வேண்டாததை வெட்டி, பாட்டுச் சேர்த்து, பெயர் ஓடவிட்டுக் கேசட்டாக்கித் தருவதுதான் மிக்ஸிங். எட்டு வருடம் வி.சி.ஆரில் செய்தார். பிறகு மிக்ஸரை விற்றுவிட்டுக் கம்ப்யூட்டர் வாங்கினார்.

கம்ப்யூட்டர் வேலையை எளிதாக்கியது. ஆனால் அதிலிருந்த சாஃப்ட்வேருக்கு ஒரு முரண்டு உண்டு. கேமரா டேப்பிலிருந்து படத்தை உள்ளே வாங்கும்போது, ஒரு கோப்பில் ஒன்பது நிமிடச் சொச்சத்துக்கு மேல் கொள்ளாது. அந்த அளவு நிரம்பியதும் வாயை மூடிக்கொள்ளும். டேப் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். டேப்பைப் பின்னால் சுற்றி, விட்ட இடத்தைக் கண்டுபிடித்து, அடுத்த கோப்பைத் தொடங்கி, இரண்டையும் ஒட்ட வேண்டும். சென்னையில் விற்றவரிடம் போனில் கேட்டதற்கு, அதன் அமைப்பே அப்படித்தான், அனுசரித்துப் போங்கள் என்றுவிட்டார்.

கல்யாணக் கேசட்டில் இது ஒரு பொருட்டில்லை. தாலி கட்டியதும் பந்திக்குத் தாவினால் யாரும் கேட்கப்போவதில்லை. தாய்மாமன் சீர் அப்படியல்ல. மாமன் வீட்டுச் சொந்தமெல்லாம் கோவிலில் கூடி, மேளம் முன்னே போக, ஆளுக்கொரு தட்டு ஏந்தி வரிசையாக வருவார்கள். ஒவ்வொரு தட்டும் ஒரு குடும்பத்தின் மரியாதை. கேமராக்காரர் ஒரே இடத்தில் நின்று முழு வரிசையையும் எடுப்பார். மிக்ஸிங்கில் அதன்மேல் யாரும் கத்தி வைப்பதில்லை.

சித்தையன்கோட்டை சோலையம்மாள் தன் மகனுக்குக் காது குத்தினார். ஆத்தூரிலிருந்து அவருடைய அண்ணன் பொம்மையன் நூற்றியொரு தட்டுச் சீர் கொண்டுவந்தார். கேமரா சகாயராஜ். வரிசை கடக்க இருபத்தேழு நிமிடம் ஆனது. கேசட்டைக் கொடுத்த மறு வாரமே பொம்மையன் வந்து நின்றார்.

“ஏம்மா, நூத்தியொரு தட்டு கொண்டாந்தோம். ஒங்க கேசட்டுல தொண்ணூத்தெட்டுதான் வருது. காணாமப்போன மூணுல ஒண்ணு எம் பொண்டாட்டி. வெட்டச் சொன்னது யாரு, எந் தங்கச்சியா?”

பொம்மையன் மனைவி சரஸ்வதிக்கும் சோலையம்மாளுக்கும் பொங்கலிலிருந்தே பேச்சுவார்த்தை இல்லை. காதுகுத்துக்காகத்தான் சமாதானமாகியிருந்தார்கள்.

சூர்யகலா பதறிப்போய் கேசட்டை ஓடவிட்டுப் பார்த்தார். தவறு அவருடையதுதான். முதல் கோப்பு நின்ற இடத்தில் மாம்பழ மஞ்சளில் சிவப்புப் புள்ளி போட்ட சுங்குடிச் சேலைக்காரி ஒருத்தி வந்தாள். டேப்பைச் சுற்றி அதே சேலையைத் தேடிப் பிடித்து அங்கேயே ஒட்டியிருந்தார். சேலையைப் பார்த்தால் ஆளைப் பார்க்க வேண்டியதில்லை என்பது பிறந்த வீட்டுப் பழக்கம். பொம்மையனோ தன் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே சாயத்தில் ஒரே மாதிரி சேலை எடுத்திருந்தார். ஒட்டியது வேறொருத்தியின் சேலையில். இடையில் மூன்று பேர் போயே போய்விட்டார்கள்.

கம்ப்யூட்டரின் குறையைச் சூர்யகலா விளக்கப் பார்த்தார். பொம்மையன் கேட்டுவிட்டு, “மிசினுக்கு எம் பொண்டாட்டி மேல என்ன கோவம்?” என்றார். சகாயராஜ் கேமராவில் மூல டேப்பைப் போட்டுக் காட்டினார். அது எரிகிற நெருப்பில் எண்ணெயானது. படத்தில் இருக்கிறது, கேசட்டில் இல்லை என்றால் வேண்டுமென்றே வெட்டியதாகத்தானே அர்த்தம்?

கடைசியில் பொம்மையன் ஒரு நிபந்தனை சொன்னார். தீபாவளிக்குள் முழுச் சீரும் ஒரே ஓட்டமாக வர வேண்டும். தட்டுக் கொண்டுவந்தவர்களின் பெயர்கள் முன்போலவே கீழே ஓட வேண்டும். எங்காவது ஒட்டுத் தெரிந்தால், மேளச் சத்தம் ஓரிடத்தில் எகிறினால்கூட, தங்கச்சி வீட்டில் இனிக் கை நனைப்பதில்லை. தீபாவளிச் சேலையும் போகாது.

கேமராவிலிருந்து நேராகக் கேசட்டுக்கு நகல் எடுத்தால் ஒட்டே இருக்காது. ஆனால் பெயர் ஓடாது. பெயர் ஓட வேண்டுமென்றால் கம்ப்யூட்டருக்குள் போக வேண்டும். உள்ளே போனால் ஒன்பது நிமிடத்தில் அறுந்துவிடும். தன்னால் ஒரு அண்ணனும் தங்கச்சியும் பிரிந்தார்கள் என்ற பேச்சு சூர்யகலாவுக்குச் சோறு இறங்கவிடவில்லை.

ஒவ்வொரு கோப்பையும் முந்தையது முடிவதற்கு முன்பிருந்தே தொடங்கி, இரண்டிலும் ஒரே படம் கொஞ்சம் இருக்கும்படி வாங்கினார். அப்போதும் இரண்டிலும் சரியாக அதே நொடியைப் பிடிப்பது பெரும்பாடாக இருந்தது. பிடித்தாலும், ஒரு கோப்பு முடிந்து அடுத்தது தொடங்கும்போது படம் கண்ணிமைக்கும் நேரம் திக்கியது. மேளமும் இடறியது. பெயர்களைப் படத்தோடு சேர்த்துக் கோப்பாக்கிக்கொண்டிருக்கையில் இருமுறை கரண்ட் போனது. இரண்டு முறையும் முதலிலிருந்து தொடங்கினார்.

சத்தத்துக்கு வழி முதலில் கிடைத்தது. சத்தம் மட்டும் என்றால் கோப்பு சிறியது. இருபத்தேழு நிமிட மேளமும் ஒரே கோப்பில் அடங்கியது. அதை அடியில் முழுசாக விரித்து, படத் துண்டுகளை அதன்மேல் வைத்தார். மேளம் அறுபடவில்லை. படத்தின் திக்கல் மட்டும் பாக்கி.

சகாயராஜ் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் போட்டோக்காரரின் ஃபிளாஷ் வெட்டி, ஒரு கணம் எல்லாம் வெள்ளையாகிப்போனது.

“பாருத்தா இவன, அம்புட்டு அழகா எடுத்துட்டு வாரேன், நடுவுல பளீர்னு அடிச்சு எம் படத்தக் கெடுக்கான். இவனுக்குப் பொண்ணு குடுத்தவன் எவன்னு தெரியல.”

சூர்யகலா அந்த வெள்ளையிலேயே படத்தை நிறுத்தினார்.

“சகாயம்ணே, அவர ஏசாதீக. இன்னும் நாலு தடவ அடிச்சிருக்கக் கூடாதான்னு இருக்கு.”

நொடிக்கு இருபத்தைந்து படம் ஓடும்; இரண்டு கோப்புகளிலும் அந்த வெள்ளை அதில் ஒரே ஒரு படத்தில்தான் இருந்தது. சேலை ஏமாற்றலாம், வெள்ளை ஏமாற்றாது. அங்கே வெட்டி அங்கேயே ஒட்டினார். திக்கல் வெள்ளைக்குள் ஒளிந்துகொண்டது. ஒன்பது நிமிடம் முழுவதும் நிரம்பக் காத்திராமல், அதற்கு முன் வரும் ஃபிளாஷைத் தேடி அதிலேயே ஒவ்வொரு துண்டையும் முடித்தார். பெயர்களையும் ஃபிளாஷ் வருவதற்குள் ஓடி முடியும்படி அமைத்தார். நான்கு துண்டு, மூன்று ஒட்டு.

நவம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு குடும்பமும் நாகல் நகர் வந்தன. சோலையம்மாள் உள்ளே உட்கார்ந்தார். சரஸ்வதி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார். பொம்மையன் தீப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, பத்துத் தட்டுக்கு ஒரு குச்சியாகத் தரையில் அடுக்கினார்.

முதல் ஒட்டின் ஃபிளாஷ் அடித்தது. சூர்யகலா திரையைப் பார்க்கவில்லை, பொம்மையன் முகத்தைப் பார்த்தார். அவர் கண் தட்டிலேயே இருந்தது. அடுத்து திரையில் மஞ்சள் சுங்குடியில் சரஸ்வதி வந்தார். தட்டில் பட்டுச் சட்டையும் கற்கண்டும். கீழே அவர் பெயர் ஓடியது.

சோலையம்மாள் வாசல் பக்கம் திரும்பினார். “மதினி, அங்கன நின்னா எப்பிடித் தெரியும்? உள்ள வந்து பாருங்க. ஒங்க தலைப்பூகூடத் தெளிவாத் தெரியுது.”

சரஸ்வதி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பத்துக் குச்சியும் ஒரு விரலுமாகக் கணக்கு முடிந்தது. பொம்மையன் விடவில்லை. ஒட்டு எங்கே என்று கேட்டார். நீங்களே கண்டுபிடியுங்கள் என்று ரிமோட்டை அவர் கையிலேயே கொடுத்தார் சூர்யகலா. பொம்மையன் பின்னால் சுற்றி இன்னொரு தடவை முழுவதும் பார்த்தார், ஒட்டு அகப்படவில்லை.

“சரி, மிசினுக்குக் கோவம் தணிஞ்சிருச்சு போல” என்று எழுந்தார். எல்லோரும் ஒரே பஸ்ஸில் சித்தையன்கோட்டைக்குச் சாப்பிடப் போனார்கள். தீபாவளிச் சேலை மறுநாளே போய்ச் சேர்ந்தது.

செய்தி கேமராக்காரர்கள் வாயில் பரவியது. மதுரையிலிருந்துகூடச் சீர் டேப் என்றால் நாகல் நகருக்கு வந்தது. நத்தத்திலிருந்தும் வத்தலக்குண்டிலிருந்தும் மிக்ஸிங்காரர்கள் விவரம் கேட்டுக் கடிதம் எழுதினார்கள். சூர்யகலா ஒளிக்காமல் பதில் எழுதினார். சகாயராஜ் தன் பங்குக்கு, சீர் வரும் இடமெல்லாம் போட்டோக்காரருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து, ஃபிளாஷை அடித்துத் தள்ளச் சொன்னார்.

அந்த வரிசையில் கடைசியாக வந்தது சரஸ்வதியின் கடிதம். தை மாதக் கடைசியில் ஆத்தூரில் தங்கள் புது வீட்டுக் கிரகப்பிரவேசம், நாத்தனார் சோலையம்மாள் சீர் கொண்டுவருகிறார், நூற்றிப் பதினொரு தட்டு, ஒன்றுகூட விடாமல் நீங்களே செய்து தர வேண்டும் என்று எழுதியிருந்தார். அது வந்து சேர்ந்த நாள் 2002 ஜனவரி 21, திங்கட்கிழமை.