கிட்டாருக்கு ஒரு கறுப்புத் தட்டு

ஹட்டனில் எங்கள் சர்ச் பாட்டுக்குழுவில் என் வீட்டுக்காரர் பேஸ் கிட்டார் வாசித்தார். ஒரு ஞாயிறு பூசையில், பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே அவருடைய இடது கை நழுவியது. கிட்டாரோடு குப்புற விழுந்தார். பக்கவாதம் என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குத் திரும்பி வந்தபோது இடது கை தொங்கியது, கால் ஊன்ற முடியவில்லை, பேச்சு குழறியது. கிட்டாரின் பிக்கார்டும் உடைந்திருந்தது. கம்பிகளுக்கு அடியில், மரத்தில் கீறல் படாமல் இருக்கப் பொருத்தும் பிளாஸ்டிக் தட்டு அது.

அவரை எழுப்பி நடக்கவைக்க என்னால் முடியவில்லை. தட்டையாவது செய்வோம் என்று கிளம்பினேன்.

டவுனில் பெயர்ப்பலகை செய்யும் கடையில், வெட்டி மிஞ்சிய கறுப்பு அக்ரிலிக் துண்டு கொடுத்தார்கள். உடைந்த துண்டுகளைச் சேர்த்து ஒட்டி, அக்ரிலிக்மேல் வைத்து வரைந்தேன். வாசலில் உட்கார்ந்து ரம்பத்தால் அறுத்தேன். மழை விடவே இல்லை. பக்கத்துக் காம்பிரா அறையில் இருக்கும் அக்கா எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இனி யாரு இத வாசிக்கப் போறா?"

நான் அறுத்துக்கொண்டே இருந்தேன்.

ஸ்குரூவுக்கு ஓட்டை போடும்போது தட்டு குறுக்கே வெடித்தது. மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"அடியில பலக வச்சு... மெதுவா போடு."

வீட்டுக்கு வந்ததிலிருந்து தண்ணீர் கேட்பதற்குக்கூட வாய் திறக்காதவர். மறுபடி டவுனுக்கு ஓடி வேறு துண்டு வாங்கி வந்தேன். இந்த முறை அவர் சொல்லச் சொல்லச் செய்தேன். ஓரத்தை உப்புத்தாளால் தேய்க்கச் சொன்னார், தேய்த்தேன். தட்டு கச்சிதமாகப் பொருந்தியது.

கிட்டாரை அவர் மடியில் வைத்தேன். வலது கையால் தட்டின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். தடித்த கம்பியை ஒருமுறை சுண்டினார். நான் அவருடைய இடது கையைத் தூக்கிக் கிட்டாரின் கழுத்தில் வைத்தேன். அது வழுக்கி விழுந்தது. மறுபடி வைத்தேன்.

"விடு," என்றார்.

"பழகப் பழக வந்துரும்ங்க."

"இல்ல. பாட்டுக்குழுவுக்கே குடுத்துரு. ஒடஞ்சத எப்பிடி குடுக்கிறது? அதான் ஒழுங்கா போடச் சொன்னேன்."

திரும்ப வாசிக்கத்தான் சொல்லித் தருகிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து பாட்டுக்குழுக்காரர்கள் கிட்டாரை வாங்கிப்போக வந்தார்கள். தட்டு நன்றாக இருக்கிறது, எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அதன்பிறகு அவர் பேசவே இல்லை.