செகரெட்டரி பூட்டி வைத்த மிஷின்

காளவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஒரு ஞாயிறு காலை ஷட்டில் ஆடிக்கொண்டிருந்த என் கணவர் அப்படியே சரிந்தார். மூச்சு இல்லை. நர்ஸ் வேலை பார்க்கும் மூன்றாம் மாடிப் பெண் ஓடிவந்து அவர் நெஞ்சை அழுத்தியபடியே, "அக்கா, ஷாக் குடுக்கிற மிஷினு ஆபீஸ்ல இருக்குல்ல, சீக்கிரம் எடுத்துட்டு வாங்க!" என்று கத்தினாள்.

குடியிருப்புச் சங்க அலுவலகம் பூட்டிக் கிடந்தது. சாவியோடு செகரெட்டரி சோழவந்தான் போயிருந்தார். போன் செய்தேன். "பிள்ளைக ஒடைச்சிரும்னுதான் பூட்டி வச்சேன். செத்த பொறும்மா, வாரேன்" என்றார். கதவை உடைக்கத் தோன்றாமல் நானும் மடத்தனமாக அவரிடம் கெஞ்சிக்கொண்டு நின்றேன்.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்துதான் ஷாக் கொடுத்து, ஊசி போட்டுத் துடிப்பை மீட்டார்கள். கணவர் பிழைத்தார். ஆனால் இன்றும் மகளின் பெயரை யோசித்துத்தான் சொல்கிறார். ஆப்பிள் பையோடு பார்க்க வந்த செகரெட்டரி, "அதான் எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சுல்ல" என்றார். நான் திட்டவில்லை. மனதில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த சங்கத் தேர்தலில் அவரை எதிர்த்து நின்று ஜெயித்தேன். மிஷினைப் பூட்டில்லாமல் லிஃப்ட் அருகே மாட்டினேன். மாதம் ஒருமுறை பொம்மை வைத்து நெஞ்சை அழுத்தும் பயிற்சி நடத்துகிறேன். முதலில் அழுத்தக் கூப்பிடுவது பழைய செகரெட்டரியைத்தான். போன வாரம் வேர்த்து வழிய, "கை விட்டுப்போச்சும்மா, போதும்" என்றார்.

"ஆம்புலன்ஸ் இன்னும் வரலைண்ணே. அழுத்துங்க" என்றேன்.