ரதிக்கு அழுத ஊர்

அத்தையின் கல்யாணப் பட்டு குங்குமச் சிவப்பு. அதைக் கட்டிக்கொண்டு, மீசையை மழித்து, தலையில் சவுரி வைத்து என் அப்பா ரதியாக நின்ற கோலம்தான் மாசி மாதம் என்றாலே எனக்கு முதலில் நினைவு வருகிறது. ஆலங்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். மாசி அமாவாசை கழிந்ததும் முச்சந்தியில் கரும்பையும் ஆமணக்குத் தண்டையும் வைக்கோலையும் சேர்த்துக் கட்டிக் காமனை நடுவார்கள். பௌர்ணமியன்று எரிப்பார்கள். மூன்றாம் நாள் காமன் உயிரோடு வந்துவிடுவான். அதுவரைக்கும் ரதி அழ வேண்டும். வருடாவருடம் அந்த அழுகையை அழுதவர் அப்பா.

பண்டிகையின் கதையை ஊருக்கு விளக்குகிறவரும் அவர்தான். தாட்சாயணியை இழந்த ஈசன் தவத்தில் உட்கார்ந்துவிட்டார். சூரனை அழிக்க ஒரு பிள்ளை பிறக்க வேண்டுமென்றால் அவர் பார்வதியை மணந்தாக வேண்டும். தவத்தைக் கலைக்கத் தேவர்கள் காமனை அனுப்பினார்கள். மலரம்பு பட்டது, நெற்றிக்கண் திறந்தது, காமன் சாம்பலானான். ரதி மன்றாடியதால், அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி ஈசன் அவனைத் திருப்பிக் கொடுத்தார். “ஆசையே இல்லாமப் போனா ஒலகம் ஏது? அதுக்குத்தான் இந்தப் பண்டிக” என்று அப்பா முடிப்பார். கூட்டம் தலையாட்டும்.

அப்பாவின் தங்கைதான் அத்தை. கீரனூர்ப் பக்கம் லாரி மோதி மாமா இறந்தபோது அவளுக்கு இருபத்து மூன்று வயது. குழந்தை இல்லை. ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் வேலை கிடைத்தது. இரண்டு வருடம் கழித்து, காமன் நட்ட வாரத்தில், அந்தப் பள்ளியின் கணக்கு சார் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அத்தையைப் பெண் கேட்டு வந்தார். அவரும் மனைவியை இழந்தவர். அத்தை கதவுக்குப் பின்னால் நின்றாள். பக்கத்தில் நின்ற என் கையை அவள் இறுக்கிப் பிடித்திருந்தாள். அவளுக்கும் சம்மதம் என்பது பத்து வயதில் எனக்கே புரிந்தது.

“அவளுக்கு இனிமே என்னங்க கல்யாணம்? ஊரு காறித் துப்பும். எந்திரிச்சுப் போங்க” என்றார் அப்பா. அம்மா கொண்டுவந்த காபியை அவர்கள் தொடவேயில்லை.

அந்தப் பௌர்ணமிக்கு, “ரதிக்குக் கட்ட ஒன் அத்தயோட பட்ட எடுத்துட்டு வா. அவளுக்கு இனி எதுக்கு?” என்று அப்பா என்னை அனுப்பினார். அத்தையே பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். பண்டிகைக்கு அவள் வரக்கூடாது. நல்ல காரியம் நடக்கிற இடமாம். “எம்புருசனத் திருப்பிக் குடு சாமி” என்று அப்பா மண்ணில் புரண்டு அழுதார். அன்று அழாத பெண் இல்லை, நானும் அழுதேன். வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“ரதிக்குப் புருசனக் குடுத்துட்டாங்களா?”

“மூணாம் நாளு வருவாராம் அத்தை.”

“வரட்டும்” என்றாள். கை நிற்கவில்லை.

கணக்கு சார் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். வேறு இடத்தில் மணம் முடித்தார் என்று கேள்விப்பட்டோம். அத்தை பணி ஓய்வு பெறும்வரை ஊரார் பிள்ளைகளுக்குச் சோறு போட்டாள். நான் ஆசிரியை ஆனேன். காமன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு நாளில்தான் அது எனக்கு உறைத்தது. மனைவியை இழந்த ஒருவருக்கு மறுமணம் செய்துவைக்கத்தானே தேவலோகமே திரண்டது? பண்டிகையின் தொடக்கமே அதுதான். வருடந்தோறும் வாயாரச் சொன்ன அப்பாவின் காதில் அது ஒருமுறைகூட விழவில்லை.

அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். இரண்டு வருடமாக அவரைத் துடைத்து, புரட்டி, ஊட்டுவது அத்தைதான். நானும் தம்பியும் வாரக் கடைசியில் எட்டிப் பார்க்கிறவர்கள். அப்பாவுக்கு நினைவு தப்பிவிட்டது. எங்கள் பெயர் தெரியவில்லை. ரதியின் அழுகை மட்டும் எங்கோ மிச்சமிருக்கிறது.

போன மாசியில் நான் போயிருந்தபோது அத்தை அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அப்பா திடீரென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கோணிய வாயால், “எம்புருசனத் திருப்பிக் குடு” என்று அழுதார்.

அத்தை கையை விடுவித்துக்கொள்ளவில்லை. மறு கையால் அவர் மோவாயில் வழிந்ததைத் துடைத்தாள்.

“குடுக்க மாட்டேன்னு சொன்னவரே நீங்கதாண்ணே” என்றாள். “வாயத் தொறங்க.”