சாக்குக் கடையின் முதல் பக்கம்

கிருபாவதிக்குக் கோபம் வந்தால் பேச்சு குறைந்துவிடும், கோணி ஊசி வேகமாக ஓடும். தேனி கடைவீதியில் அவளுடைய சாக்குக் கடையில் தையலுக்கு இருந்த பெண்கள், அந்த ஊசியைப் பார்த்துத்தான் அன்றைக்கு வாயைத் திறக்கலாமா என்று முடிவு செய்வார்கள்.

புருஷன் ஏசுதாசன் 1970இல் மஞ்சள் காமாலையில் செத்தபோது அவளுக்கு முப்பத்தொரு வயது. பழைய சாக்குகளை வாங்கி, உதறி, ஒட்டுப்போட்டு, பருத்திக்காரர்களுக்கும் மிளகாய் மண்டிகளுக்கும் விற்கிற தொழில். தூசியில் இருமி இருமியே கடையைத் தூக்கி நிறுத்திவிட்டாள். விற்பனை வரி ஆபீசுக்குக் காட்டுகிற கணக்குதான் பிடிபடவில்லை. போடியில் இருந்த கொழுந்தன் வைகுண்டராஜ் ஒரு கணக்கரை அனுப்பிவைத்தான். பெயர் சங்கரலிங்கம். ஏற்கெனவே மூன்று கடைகளுக்கு எழுதிக்கொண்டிருந்தவர். இவளுக்குச் சாயங்காலம் ஒரு மணி நேரம் என்று பேச்சு. மாதம் முப்பது ரூபாய், காபி தனி.

பேரேட்டில் அவர் பிள்ளையார் சுழி போட்டதைப் பார்த்து ஜெபக்கூட்டத்துப் பெண்கள் முகம் சுளித்தார்கள். "அவுக சாமி அவுகளுக்கு. கணக்கு சரியா இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது படித்தவள்தான். வருடக் கடைசியில் கூட்டுத்தொகையைச் சரிபார்ப்பாள். முதல் பக்கத்தை யார் பார்க்கிறார்கள்?

மூன்று வருடம் அப்படியே ஓடியது. நான்காம் வருடம் சித்திரை பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் வைகுண்டராஜ் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினான்: "புதுக்கணக்கு போட்டதும் வந்து என் கடைய நான் பாத்துக்கிறேன்." குடித்துவிட்டு உளறுகிறான் என்று நினைத்தாள்.

சித்திரை ஒன்று. சங்கரலிங்கம் புதுப் பேரேட்டின் நான்கு முனையிலும் மஞ்சள் தடவி, முதல் பக்கத்தை எழுதி முடித்தார். மை காய்ந்ததா என்று கிருபாவதி எட்டிப் பார்த்தாள். 'சாக்கு வியாபாரம், தேனி. முதலாளி: வைகுண்டராஜ்' என்றிருந்தது.

"இதாரு பேரு அண்ணாச்சி?"

"முதலாளி பேரு, தங்கச்சி."

"முதலாளி நானு."

"இருக்கட்டுமே. பொம்பளப் பேருல புதுக்கணக்கு தொடங்குற பழக்கம் நம்ம பஜார்ல இல்ல. குடும்பத்துல ஆம்பளப் பேரத்தான் போடுறது. சும்மா எழுத்துதான?"

சும்மா எழுத்தாம்! பழைய பேரேடுகள் மூன்றையும் இழுத்துப் போட்டுப் பிரித்தாள். மூன்றிலும் அதே பெயர். கொழுந்தனுக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று இப்போது விளங்கியது. நாளைக்கு அவன் கோர்ட்டுக்குப் போனால் இந்த மூன்று நோட்டும் போதும், அவள் தெருவுக்கு வந்துவிடுவாள். தன் காசில் காபி வாங்கிக் கொடுத்து, தன் கடையிலேயே உட்கார வைத்து, தன் தலையில் மண்ணை அள்ளிப் போடச் சொல்லியிருக்கிறாள். 

அவரோ பங்குனி மாதச் சம்பளத்துக்குக் கையை நீட்டினார்.

"யாரு பேர எழுதுனீகளோ அவுககிட்டப் போயி வாங்கிக்கோங்க. போடி பஸ்ஸு அங்கன நிக்கிது."

"வேல பாத்தது இங்கனதான தங்கச்சி!"

"அப்ப இங்கன யாரு முதலாளி?"

அவர் விட்டத்தைப் பார்த்தார். கிருபாவதி முதல் பக்கத்தைக் கிழித்தாள். தன் பெயரைப் போட்டு மறுபடி எழுத வைத்தாள். பிறகு ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, 'மூன்று வருடமாகச் சாக்குக் கடை முதலாளி கிருபாவதியிடம் கணக்கு எழுதி, மாதம் முப்பது ரூபாய் சம்பளம் பெற்றுக்கொண்டேன். பேரேடுகளில் உள்ள பெயர் நானாக எழுதியது' என்று எழுதச் சொல்லி, ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்து வாங்கினாள். ஸ்டாம்புக்கான பத்துக்காசை அவர் சம்பளத்திலேயே பிடித்துக்கொண்டாள்.

மறுவாரம் இரண்டு ஆட்களோடு வந்த வைகுண்டராஜிடம் அந்தத் தாளை நீட்டினாள். "நீ அனுப்புன ஆளோட கையெழுத்துதான். வாசி." வாசித்தான். அதோடு சரி, அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

"அந்த மனுசன இன்னும் ஏன்க்கா வச்சிருக்கீக?" என்று தையல்காரி பூமாரி ஒருநாள் கேட்டாள். "கணக்குல ஒரு பைசா தப்பு விட மாட்டாரு. அத நான் இல்லேங்கல" என்றாள் கிருபாவதி. ஆனால் அன்றிலிருந்து மாதா மாதம், 'முதலாளி கிருபாவதியிடம் பெற்றுக்கொண்டேன்' என்று முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் சம்பளம். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு வந்த மாதம்கூட விடவில்லை.

பதினோரு வருடம் அப்படி எழுதினார். 1984இல் கண்ணில் புரை விழுந்து, இனி முடியாது என்று சொல்ல வந்தார். கடைசிச் சம்பளத்துக்கும் தாளை முகத்தோடு ஒட்டிப் பிடித்து அந்த வரியை எழுதினார். மேற்கொண்டு கொடுக்கவென்று கிருபாவதி ஐந்நூறு ரூபாயை மேஜை டிராயரில் எடுத்து வைத்திருந்தாள்.

"பதினோரு வருசம் எழுதிட்டீக அண்ணாச்சி. ஒருநாளாவது வாயால முதலாளின்னு சொன்னீகளா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வாரேன் தங்கச்சி."

சம்பளத்தை எண்ணி அவர் கையில் வைத்தாள். டிராயரை முட்டியால் தள்ளிச் சாத்திவிட்டு, கோணி ஊசியை எடுத்தாள்.