ஹன்னாவின் பாஸ்போர்ட்

ஏழாம் வகுப்பில் நான் ஒரு பொய் எழுதினேன். மினுமினுக்கும் ஸ்கெட்சால், பள்ளிக்கூடமே பார்க்கும்படி பெரிதாக எழுதினேன்.

இரண்டாயிரங்களின் நடுவில், நாங்கள் ஷார்ஜாவின் முவைலா பகுதியில் இருந்த காலம். சமூக அறிவியல் மிஸ் ஆளுக்கு இரண்டு சார்ட் கேட்டார். ஒன்றில் பழங்காலத்து ஆள் ஒருவரின் வம்சம், மற்றதில் நம்முடையது. மிஸ்ஸின் அண்ணன் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய, அந்நாட்டுப் பழைய குடும்பங்களைப் பற்றிய புத்தகத்தில் எனக்கு வாய்த்தவள் ஹன்னா. அமெரிக்கா என்றொரு நாடு உருவாகும் முன்பே அங்கே கப்பலேறிப் போனவள்.

நான்கு வெள்ளிக்கிழமைகள் அப்பாவை இன்டர்நெட் கஃபேயில் உட்காரவைத்து அவளைத் தேடினேன். கப்பல் பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே வேலைக்காரி என்றிருந்தது. எஜமான் கப்பல் செலவைக் கொடுத்ததால் ஏழு வருடம் அவர் வீட்டில் உழைத்திருக்கிறாள். அப்புறம் கல்யாணம், ஒன்பது பிள்ளைகள். பேரன்களில் ஒருவர் நீதிபதி. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மீன் கழுவிக்கொண்டே அம்மா இந்தக் கதையைக் கேட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவ பாஸ்போர்ட்ட யாரு வச்சிருந்தா?"

அந்தக் காலத்தில் ஏது பாஸ்போர்ட் என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அம்மா கல்யாணத்துக்கு முன் இதே ஷார்ஜாவில் ஓர் அரபி வீட்டில் ஐந்து வருடம் வீட்டுவேலை செய்தவள். இங்கே வீட்டுவேலைக்கு வருகிறவர்களின் பாஸ்போர்ட்டை எஜமான்தான் வாங்கி வைத்துக்கொள்வார். வகுப்பில் எங்கள் கன்னியாகுமரிப் பக்கத்துப் பிள்ளைகளின் அம்மாக்களெல்லாம் நர்ஸ். அதனால் எங்கள் சார்ட்டில் அம்மா பெயருக்குக் கீழே நானும் இங்கிலீஷில் நர்ஸ் என்று எழுதினேன். வீட்டில் காட்டாமல் சுருட்டிக்கொண்டு போனேன். சார்ட்டுகளை மாட்டிவைக்கும் பள்ளிக் கண்காட்சிக்கு அம்மா வரமாட்டாள் என்று நம்பியிருந்தேன்.

கோயிலுக்குக் கட்டும் பட்டுச்சேலையில் வந்து நின்றாள். மிஸ் சார்ட்டைப் பார்த்துவிட்டு, எந்த ஆஸ்பத்திரி என்று அன்பாகத்தான் கேட்டார். அம்மா அந்த எழுத்துகளைக் கூட்டிப் படித்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள்.

"இப்ப டூட்டிக்குப் போறதில்ல மிஸ்" என்றாள்.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு சார்ட்டையும் கையில் பிடித்துக்கொண்டு நடந்தவள் பாதி வழியில் கேட்டாள்.

"ஹன்னாவுக்கு வேலக்காரின்னுதான எழுதியிருக்க மக்ளே?"

"அவ அமெரிக்காக்காரிம்மா" என்றேன். இன்று நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"அது சரிதான்" என்றாள் அம்மா.

ஹன்னாவின் எஜமான் வீட்டில் எத்தனை பசுக்கள் இருந்தன என்பதுவரை எனக்குத் தெரியும். அம்மா வேலை செய்த வீடு எந்தத் தெருவில் இருந்தது என்றுகூட நான் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் எங்கள் சார்ட்டைச் சுருட்டி அலமாரி மேல் வைத்தாள். வேலைக்காரி என்று எழுதியிருந்த ஹன்னாவுடையதை மட்டும் ஹாலில், எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டினாள். நான் வரைந்த கப்பல் அம்மாவுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் அப்போது நினைத்தேன்.