கறிவேப்பிலை வேரில் சந்தனம்

காட்டில் அருகிவரும் மரம் ஒன்று தானாக நம் கொல்லையில் முளைத்தால், அதற்காக ஒரே கூரையின் கீழ் இருப்பவரோடு எவ்வளவு தூரம் பகைத்துக்கொள்ளலாம்? எனக்கு இன்னும் தெரியவில்லை.

கோவில்பதாகை என்ற ஊரில் ஒரு வீட்டின் பின்கட்டில் நாங்கள் குடியிருக்கிறோம். முன்கட்டில் வீட்டுக்கார அம்மா. கிணற்றடியில், அவருடைய கறிவேப்பிலையை ஒட்டிப் பறவை எச்சத்தில் ஒரு கன்று முளைத்தது. என் கணவர் வேலை செய்யும் தொழிற்சாலையின் தோட்டக்காரர் ஒருநாள் வந்தபோது இலையைப் பார்த்துச் சந்தனம் என்றார்.

"தோட்டத்துல வச்சு வளர்க்கிறது இருக்கும்மா. காட்டுல தானா முளைச்சுப் பெருத்ததுதான் வெட்டி வெட்டிக் கொறஞ்சுபோச்சு."

குழந்தைக்கு வேர்க்குரு வந்தால் சந்தனம்தான் இழைத்துப் பூசுகிறேன். அந்தக் கட்டை எந்தக் காட்டு மரம் என்று அதற்குமுன் நினைத்ததே இல்லை. அன்றிலிருந்து அரிசி களைந்த தண்ணீரெல்லாம் கன்றுக்குத்தான்.

அது இடுப்பளவு வளர்ந்ததும் சண்டை தொடங்கியது.

"இன்னாமா, என் கறேப்பில எப்டி மஞ்சளா பூட்ச்சு பாரு. உன் சந்தனம் உறிஞ்சிகினு கீது."

"ஒரு செடி இன்னொரு செடிகிட்ட திருடுமா அக்கா? நீங்க தண்ணி ஊத்துறதே இல்ல."

"பட்ச்சவ சொல்ட்டா! போலீசு வந்து சந்தனமரம் யாருதுன்னு கேட்டா, உன் பி.காம் வந்து பதில் சொல்லுமா?"

மறுநாள் கொதிக்கும் வடிகஞ்சியைக் கன்றின் அடியில் கொட்டினார். நான் குழந்தையை முன்கட்டுக்கு அனுப்புவதை நிறுத்தினேன். அவரிடம்தான் அது சாப்பிடும் என்று தெரிந்தே நிறுத்தினேன். கடைசியில் வாசலில் நின்று கத்தினார்: "தை பொறக்கறதுக்குள்ள அத்த புடுங்கு. இல்ல ஊட்ட காலி பண்ணு!"

கணவர் என் பக்கம் நிற்கவில்லை. "பாப்பாவுக்கு இப்பதான் பக்கத்துல ஸ்கூல் கெடச்சிருக்கு. ஒரு செடிக்காக வீடு மாறணுமா?"

அந்த அம்மா மாங்காடு கோயிலுக்குப் போயிருந்த காலையில், கன்றைப் பெயர்த்து வாளியில் வைத்துவிடலாம் என்று தோண்டினேன். ஒரு சாண் ஆழத்தில் கை நின்றுவிட்டது. சந்தன வேர், கறிவேப்பிலை வேரைக் குன்றிமணி அளவு முடிச்சுகளால் கவ்விப் பிடித்திருந்தது. ஒரு முடிச்சை இழுத்தேன். வேரின் தோல்தான் உரிந்து வந்தது. அவர் சொன்னது சரி. நான் இத்தனை மாதம் திமிராகப் பேசியது தப்பு. அவசரமாக மண்ணைப் போட்டு மூடினேன். கிளறிய மண்ணைப் பார்த்து அவர் கேட்டபோது, எறும்புப் புற்றைக் கலைத்ததாகப் பொய் சொன்னேன்.

அவர்மேல் கோபம் இன்னும் தீரவில்லை. தப்பு என்னுடையது என்று தெரிந்தபின் கூடிவிட்டது என்றே நினைக்கிறேன். உண்மையைச் சொன்னால் கன்றை வெட்ட அன்றே அரிவாள் எடுப்பார். சொல்லாவிட்டால் அவருடைய கறிவேப்பிலை பட்டுப்போகும்.

தைக்கு மூன்று வாரம் இருக்கிறது. சந்தனம் வளர்த்தவர்கள் யாராவது எழுதுங்கள்: இந்தக் கன்றை உயிரோடு பிரிக்க முடியுமா? பிரித்தால், அது வேரால் பற்றிக்கொள்ளத் துணைக்கு எந்தச் செடியை வைக்க வேண்டும்? அந்த அம்மாவிடம் முதலில் சொல்ல வேண்டுமா, பிரித்தபின் சொன்னால் போதுமா? அதையும் சொல்லுங்கள்.